மாசக் கடைசி வரைக்கும் ஒரு சிலிண்டர்

கடை வாசலில் நான்கு வெல்டிங் கேஸ் சிலிண்டர் வரிசையாக நின்றால்தான் அது பெரிய கடை. வெல்டருக்கு அப்படி ஒரு நினைப்பு. நான்கில் மூன்று காலி என்பது அவருக்கும் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும். ஆனால் சிலிண்டர் காலியாக இருந்தால் கேஸ் கம்பெனிக்கு அதற்காகக் கட்டுகிற வாடகை நின்றுவிடுமா? நம் வாசலில் நிற்கிற ஒவ்வொரு நாளும் ஏறிக்கொண்டேதான் போகும். வெறும் பகட்டுக்காக மூன்று இரும்புத் தடியன்களுக்கு மாதாமாதம் படியளந்துகொண்டிருந்தது அந்தக் குடும்பம்!

அந்த மாதம் பத்தாம் தேதி, புது சிலிண்டரை மாட்டிக் கொடுத்துவிட்டு பில்லையும் நீட்டிவிட்டுப் போனார் கேஸ்காரர். வெல்டர் கையுறையைக் கழற்றி மேஜையில் வீசினார்.

“போதும்டி. ஒண்ணாம் தேதியிலேருந்து பழைய முதலாளிகிட்டயே கூலிக்குப் போயிடுறேன். அவரும் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காரு.”

மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு வருஷம் அந்த முதலாளியிடம் கண்டபடி ஏச்சு வாங்கி, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் திறந்த கடை. ஷட்டருக்கு பெயின்ட் அடித்தது அவள். இன்றைக்கும் வருகிறவர்களிடம் பேசி வேலை பிடிப்பது அவள்தான். அதை இழுத்து மூட அவர் மட்டும் முடிவெடுத்தால் ஆயிற்றா?

“இப்ப மாட்டின சிலிண்டர் எத்தனை நாளைக்கு வரும்?” என்று கேட்டாள்.

“பத்து நாள். எப்பவும் அவ்வளவுதானே.”

“மாசக் கடைசி வரைக்கும் நான் வரவச்சுக் காட்டினா?”

வெல்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதென்ன ரப்பரா, இழுக்கிறதுக்கு? சரி, வந்துச்சுன்னா நான் எங்கயும் போகல. வரலன்னா அப்புறம் நீ வாயைத் திறக்கக் கூடாது.”

மறுநாள் காலையிலேயே கேஸ்காரரை வரச்சொல்லி மூன்று காலி சிலிண்டரையும் வண்டியில் ஏற்றிவிட்டு, திருப்பிக் கொடுத்ததற்குச் சீட்டும் வாங்கிக்கொண்டாள். வெல்டர் பல்லைப் பிடுங்கக் கொடுத்தவர் மாதிரி நின்றார்.

“வாசலே மொட்டையா இருக்குடி. வர்றவன் என்ன நினைப்பான்?”

“மொட்டை அடிச்சா முடியாவது வளரும். வாடகை கட்டினா என்னங்க வளரும்?”

அன்று மாலை, சிலிண்டரில் மிச்சமிருக்கிற கேஸைக் காட்டும் மீட்டர் கண்ணாடியில் முள் நின்ற இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். காலையில் வந்து பார்த்தால் முள் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது!

“ராத்திரியில யாருங்க வெல்டிங் பண்ணினது? பேயா?”

அவர் தலையைச் சொறிந்தார். மெஷினை அணைப்பார், சிலிண்டர் வால்வை அடைக்க மாட்டார். காலையில் மறுபடி திறக்க வேண்டுமே, யார் மெனக்கெடுவது? அவள் ஒரு கிண்ணத்தில் துணி சோப்பைக் கரைத்து, பழைய பிரஷால் ஒவ்வொரு இணைப்பாகப் பூசிக்கொண்டு வந்தாள். ரெகுலேட்டர் கழுத்தில் ஒரு குமிழி உப்பி உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று உப்பியது. நசுங்கிப்போன ஒரு வாஷர் வழியாகக் கேஸ் கசிந்துகொண்டிருந்தது. ஒரு டீக்குக்கூடப் பெறாத அந்தச் சாமான் எத்தனை மாதமாக அவர்கள் உழைப்பைத் தின்றுகொண்டிருந்ததோ! புது வாஷர் போட்டார்கள். அன்றிலிருந்து மாலையில் வால்வை அடைப்பது அவள் வேலையாயிற்று.

அப்படியும் முள் வேகமாகவே இறங்கியது. ஒரு நாள் காலை முழுவதும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவர் வேலை செய்வதையே பார்த்தாள். அவருக்குப் பக்கத்தில் ஃபேன் சுழன்றுகொண்டிருந்தது. பற்றவைக்கிற இடத்தில் வெளிக்காற்றுப் படாமல் காக்க வேண்டிய கேஸை ஃபேன் காற்று அடித்துக்கொண்டு போனது. பற்றவைத்த இடத்தில் பொடிப்பொடியாக ஓட்டை விழுந்தது. ஓட்டை விழ விழ அவர் கேஸைக் கூட்டினார்.

“ஃபேனையும் ஓட விட்டுட்டு கேஸையும் ஏத்தினா எப்படிங்க? ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற கதைதான்.”

“இந்த வெக்கையில நான் வெந்து சாகணுமா? வெல்டிங்கை நீ எனக்குச் சொல்லித்தர வந்துட்டியா?”

“வெல்டிங் உங்களுக்குத்தான் தெரியும். காசு போற வழி எனக்குத் தெரியும்.”

ஃபேனை அவர் முதுகுக்குப் பின்னால் தள்ளி, காலில் மட்டும் காற்றுப் படும்படி தரையில் வைத்தாள். தெருப்பக்கம் பழைய தார்ப்பாயை மறைப்பாகக் கட்டினாள். நிமிஷத்துக்கு இருபத்தைந்து லிட்டரில் நின்ற கேஸை அவர் முறைக்க முறைக்கப் பன்னிரண்டுக்கு இறக்கினாள். அவள் சொன்னது தப்பென்று காட்டுவதற்காகவே அவர் இரண்டு துண்டுகளைப் பற்றவைத்து வைஸ் பிடியில் இறுக்கிச் சுத்தியலால் ஓங்கி அடித்தார். இரும்பு வளைந்தது, பற்றவைத்த இடம் விடவில்லை. ஓட்டையும் இல்லை. துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“திட்டுறதுக்கு ஒண்ணும் கிடைக்கலையா?” என்றாள்.

எதிர்க்கடை லேத்துக்காரர் அவளுக்கு ‘சோப்பு அக்கா’ என்று பேர் வைத்தார். “சோப்பு அக்கா, எங்க கடையையும் ஒரு தடவை குளிப்பாட்டி விடுங்க!” தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவள் தினமும் காலையில் பிரஷோடு குனிந்தாள். இருபதாம் தேதி தாண்டியது, சிலிண்டர் தீரவில்லை. அதன்பிறகு அவள் பார்க்காத நேரத்தில் வெல்டரும் மீட்டரை எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

இருபத்தேழாம் தேதி முள் சிவப்புக்கோட்டைத் தொட்டது. பள்ளிக்கூடத்துக்குச் செய்து தர வேண்டிய பெஞ்சுகளில் இன்னும் எட்டு பாக்கி. நடுவில் தீர்ந்துவிட்டால் பேச்சு பேச்சுதான். மறுபடி அந்த முதலாளி “ஏய்” என்று கூப்பிடுவார், இவர் கைகட்டி நிற்பார். நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் பெஞ்சுக் கால்களை அவளே ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் பொருத்திப் பிடித்துக் கொடுத்தாள். இடைவெளி இருந்தால் அதை நிரப்பக் கூடுதல் நேரம் பிடிக்கும், கேஸும் கூடப் போகும்.

மாதத்தின் கடைசி நாள் சாயங்காலம் கடைசிப் பெஞ்சின் கடைசி மூலையை வெல்டர் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது பழைய முதலாளியின் ஸ்கூட்டர் வந்து நின்றது. அவர் வாசலை ஒரு பார்வை பார்த்தார்.

“என்னப்பா, எல்லாத்தையும் திருப்பி அனுப்பிட்டியா? ஒத்தை சிலிண்டர்தான் நிக்குது. நல்லதாப் போச்சு, நாளைக்குக் காலையில எட்டு மணிக்கெல்லாம் வந்துடு.”

வெல்டர் அந்த மூலையை முடித்துவிட்டு முகமூடியை மேலே தூக்கினார். நேராகச் சிலிண்டரிடம் போனார். அவளுடைய சோப்புக் கிண்ணத்திலிருந்து பிரஷை எடுத்து ரெகுலேட்டர் கழுத்தில் பூசி, குனிந்து உற்றுப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. பிறகு, ஆயுளில் முதல்தடவையாக, யாரும் சொல்லாமலே வால்வை இறுக அடைத்தார்.

“வரலண்ணே,” என்றார். “இதுல இன்னும் ஒரு பெஞ்சுக்கு கேஸ் இருக்கு.”

முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் மட்டும் சோப்பு கரைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லி உள்ளே போய், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.