அப்பா முறுக்கிய இரண்டு ஒயர்கள்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இன்று வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரைப் பல வகையில் அறிந்தவர்கள். எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன். அதில் ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது என்று அவரே கேட்டுக்கொண்டார்.

அப்பா பிறந்தது ஜலகண்டாபுரத்தில், நெசவுக் குடும்பத்தில், ஏழு பிள்ளைகளில் ஐந்தாமவராக. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாமக்கல்லுக்கு வந்து லாரிகளுக்குப் பெயர் எழுதினார். எழுபதுகளின் நடுவில் சொந்தமாகப் பெயிண்ட் ஷெட் போட்டார். வேலையாட்கள் சாப்பிடும் முன் அவர் சாப்பிட்டதில்லை. அம்மாவின் நீண்ட நோய்க்காலத்தில் சமையலும் அவருடையதே. ரசம் மட்டும் கடைசி வரை கைவரவில்லை.

மழைக்காலத்தில் பெயிண்ட் காயாது. அதற்காக எண்பதுகளின் தொடக்கத்தில் பம்பாயிலிருந்து ஒரு கேஸ் ஹீட்டர் தருவித்தார். அதில் தீச்சுடர் கிடையாது. உள்ளே இருக்கும் ரசாயனப் பலகையை முதலில் மின்சாரம் சூடாக்கும். பிறகு கேஸை விட்டால், அது காற்றோடு சேர்ந்து சுடரில்லாமல் எரிந்து அனல் தரும். காற்று குறைந்தால் எரியாத கேஸ் ஷெட்டுக்குள்ளேயே தங்கிவிடும். நான் அப்போதுதான் சேலத்தில் எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து, ஒரு நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒயரிங்கை என்னிடமே விட்டார்.

உள்ளே பெயிண்டில் கலக்கும் தின்னரின் வாடை இருக்கும், தீப்பிடிக்க ஒரு பொறி போதும் என்பதால் சுவிட்சுகளையும் சிலிண்டரையும் ஷெட்டுக்கு வெளியே வைத்தேன். ஒயர்களை இரும்புக் குழாயில் விட்டு, குழாயின் வாயை அடைத்து, எர்த் கொடுத்தேன். தெற்குச் சுவரில் தரையை ஒட்டிக் காற்று நுழையத் திறப்பு. எதிர்ச் சுவரில் காற்றை வெளியே இழுக்கும் விசிறிக் குழாய். அந்தக் குழாயில் ஒரு காற்று சுவிட்ச். காற்று ஓடினால்தான் கேஸ் வால்வு திறக்கும், நின்றால் தானே மூடிக்கொள்ளும்.

பெயிண்டர்களுக்குத் தூசிதான் எதிரி. ஈரப் பெயிண்டில் தூசி விழுந்தால் வண்டியின் முழுப் பலகையையும் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். அதனால் நல்ல பெயிண்டர் முதலில் செய்வது, நனைத்த சாக்கால் சந்துகளையெல்லாம் அடைப்பது. எங்கள் தலைமைப் பெயிண்டர் காதர் அண்ணனும் அதைத்தான் செய்தார். கீழ்த் திறப்பில் இரண்டு சாக்குகளைத் திணித்தார். காற்று நின்றது, வால்வு மூடியது, ஹீட்டர் ஆறிப்போனது.

மறுநாள் காலை முகூர்த்தத்தில் வண்டியை எடுக்க வேண்டிய லாரிக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார்.

“ஏனுங்க, பம்பாய் மிஷினு நம்மூரு மழைக்கே பயந்துக்குச்சா?”

“அந்தச் சின்ன சுவிட்சுதானுங்கண்ணா கோளாறு. டைரக்டாப் போட்டுருங்க. பாப்பா வந்தாச் சொல்லிக்கலாம்” என்றாராம் காதர் அண்ணன். பாப்பா என்றது என்னை.

அப்பா காற்று சுவிட்சின் இரண்டு ஒயர்களையும் கழற்றி ஒன்றாக முறுக்கினார். ஹீட்டரை மறுபடி சூடாக்கியதும் வால்வு திறந்துகொண்டது.

அரை மணி கழித்து, பெயிண்ட் வடிகிறதா என்று பார்க்க உள்ளே போன காதர் அண்ணன் திரும்பவில்லை. கூப்பிட்டும் பதில் இல்லை. அப்பா முதலில் சிலிண்டரை மூடினார். சாக்குகளைப் பிடுங்கி எறிந்தார். கதவை அகலத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்து, அவரை இழுத்து வந்து மழையில் கிடத்தினார். கண் விழித்த காதர் அண்ணன் சொன்ன முதல் வார்த்தை: “அண்ணா, சாரல் அடிக்குது, பெயிண்டு போயிருமுங்க. கதவைச் சாத்துங்க.”

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வண்டி முகூர்த்தத்துக்குப் போகவில்லை.

விபத்து நடந்த அன்று மாலை பஸ்ஸை விட்டு நான் இறங்கியபோது அப்பா நிறுத்தத்திலேயே காத்திருந்தார்.

“உன்ற வேலையில தப்பில்ல சாமி. நாந்தான் முறுக்குனேன்” என்றார்.

என் வேலையிலும் தப்பு இருந்தது. தரையோரம் திறப்பு வைக்கும் முன் தூசியைப் பற்றி அவர்களிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைச் சொல்ல எனக்கு இரண்டு நாளாயிற்று.

அதற்குள் அப்பா, அதே ஹீட்டரை வாங்கியிருந்த மற்ற ஷெட்டுகளுக்கு நடந்தே போய்வந்திருந்தார். ஒருவர், “பொண்ணு போட்ட ஒயரு சரியில்லீன்னு சொல்ல வந்தீங்களாக்கும்?” என்று சிரித்தாராம்.

“இல்லீங்க. என்னையக் குத்தஞ் சொல்லிக்க வந்தனுங்க. உங்க சாக்கை ஒருக்கா எடுத்துக் காட்டுங்க” என்றிருக்கிறார் அப்பா.

பிறகு திறப்பை நான்கு மடங்கு பெரிதாக்கி, மரச்சட்டத்தில் துணி இழுத்துக் கட்டினோம். எவ்வளவு நெருக்கமாக நெய்தால் தூசி நிற்கும், எவ்வளவு தளர்ந்தால் காற்று வரும் என்பது நெசவாளர் மகனுக்குத் தெரிந்திருந்தது. ஜலகண்டாபுரத்தில் பெரியப்பாவின் தறியில் சொல்லி நெய்து கொண்டுவந்தார். உட்பக்கம் ஒரு காகித நாடாவையும் தொங்கவிட்டார். விசிறி ஓடும்போது அது ஆடாவிட்டால் அன்றைக்கு ஹீட்டர் கிடையாது. காற்று சுவிட்சை அதன் பிறகு யாரும் தொடவில்லை.

நெஞ்சு நோயில் படுத்த பிறகு ஒரு நாள் சொன்னார்: “எனக்கு நினைவு மலர் போடுவீங்கல்ல, அதுல அந்த ரெண்டு ஒயரையும் எழுது. நல்லதா மட்டும் எழுதுனா எவனும் படிக்க மாட்டான்.” எழுதிவிட்டேன்.

மருந்து தந்த மருத்துவருக்கும், இரவு பகல் பாராமல் உடனிருந்த பெரியப்பா குடும்பத்தாருக்கும், கடைசிப் பத்து நாளும் அப்பாவைத் தூக்கி உட்கார வைத்த காதர் அண்ணனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்றைய சாப்பாடு ஷெட்டிலேயே பரிமாறப்படுகிறது. தெற்குச் சுவரில் துணி கட்டிய திறப்புக்கு முன்னால் செருப்புகளையோ பைகளையோ தயவுசெய்து வைக்க வேண்டாம். ஹீட்டர் இன்று ஓடாது. ஆனாலும் அங்கே காதர் அண்ணன் நிற்பார்.

மகள்