முன்சீட்டில் நடு இடம்

எங்கள் வீட்டுப் பழைய அம்பாசிடரின் முன்சீட்டைக் கழற்றியபோது என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போது எனக்கு எட்டு வயது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் இப்போது அது வேறு பக்கம் பாய்கிறது.

அந்தக் காரில் முன்சீட்டு ஒரே நீள மெத்தை. கியர் ஸ்டியரிங்கை ஒட்டி இருந்ததால் நடுவில் ஓர் ஆள் தாராளமாக உட்காரலாம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே இருந்த அந்த இடம் என்னுடையது. பட்டா போடாததுதான் குறை. மேலூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது என் வகுப்புப் பிள்ளைகள் யாராவது பார்க்கிறார்களா என்று கழுத்தை நீட்டிக்கொண்டே போவேன்.

அப்பாவும் சித்தப்பாவும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தக் காரைப் பிரித்துப் போடுவார்கள். மெக்கானிக்கிடம் கொண்டுபோவது அவர்களுக்கு மானக்கேடு. எதைக் கழற்றி மாட்டினாலும் கடைசியில் இரண்டு நட்டு மிச்சம் வரும். அந்த இரண்டும் முதலிலிருந்தே தேவையில்லாதவை என்று சித்தப்பா தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதுரையில் ஏதோ ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து தனித்தனி சீட்டுகள் இரண்டு வந்து இறங்கின. என் நீள சீட்டு கொட்டகைக்குப் போனது. “நான் எங்க உக்கார்றது?” என்று அழுதேன். “பின்னாடி எம்புட்டு எடம் கெடக்கு! மகாராணி கணக்கா உக்காரு” என்றார் சித்தப்பா. மகாராணியை யாராவது பின்னால் தள்ளுவார்களா?

புது சீட்டுகளில் ஓட்டுகிறவர் பக்கத்துச் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தலாம். நகர்த்திய இடத்தில் பிடித்து நிறுத்தும் கொக்கி உடைந்திருந்தது. சித்தப்பா அடியில் துளை போட்டு ஒரு நீள போல்ட்டைச் செருகி, வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டார். அதற்கு நட்டுகூட இல்லை. அதை உருவிவிட்டால் சீட்டு ஆடும், அப்பா எரிச்சலில் பழைய சீட்டையே மாட்டிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். மறுநாள் காலை எல்லோரும் பூசைச் சாமான் எடுக்க உள்ளே போன நேரத்தில் உருவி, கவுன் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் காரில் எது மாறினாலும் பூசை உண்டு. சீட்டுக்குச் சந்தனம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பிறகு நான் எதிர்பார்க்காதது நடந்தது. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“மதினிக்குக் கால் எட்டணும்னுதான் இம்புட்டு வேலையும்” என்று அக்கம்பக்கத்தாரிடம் பெருமையடித்தார் சித்தப்பா. அம்மா கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்தாள். அப்பா பைக்கில் ஆபீஸ் போய்விட, கார் வாசலில் சும்மா நிற்கும். அதைத் தானே ஓட்டிப் போகிறேன் என்று கேட்டிருக்கிறாள். போல்ட் என் கவுன் பைக்குள் இருந்தது. சொல்ல வாயெடுத்தேன், அடி விழும் என்று மூடிக்கொண்டேன்.

கார் மெல்ல அசைந்தது. அசைந்ததுமே சீட்டு சர்ரென்று பின்னால் ஓடியது, அம்மாவின் இடது கால் கிளட்சிலிருந்து நழுவியது, கார் பாய்ந்துபோய் மாட்டுத் தொட்டியில் முட்டி நின்றது. அம்மா இறங்கினாள். எல்லோரும் பம்பரைப் பார்க்க ஓடினார்கள். நான் மறுபக்கக் கதவு வழியாகப் புகுந்து, சீட்டை முன்னால் தள்ளி, போல்ட்டைத் துளையில் செருகிவிட்டேன்.

“சீட்டு பின்னால போயிருச்சுங்க” என்றாள் அம்மா.

சித்தப்பா குனிந்து பார்த்தார். “போல்ட்டு வச்ச எடத்துலதான இருக்கு மதினி. சீட்டு எங்க போகும்?”

“அப்ப நான் பொய்யா சொல்றேன்?”

“பதட்டத்துல அப்படித்தான் தோணும். விடு, ஒனக்கு இது சரிப்படாது” என்றார் அப்பா.

அநியாயம் என்றால் இதுதான் அநியாயம். போன மாதம்தான் சித்தப்பா இதே காரை எதிர்வீட்டுச் சுவரில் இடித்திருந்தார். அன்று பழி பிரேக்கின் மேல் விழுந்தது. அவருக்குச் சரிப்படாது என்று ஒருவரும் சொல்லவில்லை. அம்மா சொன்னதற்காக அந்தப் போல்ட்டை ஒரே ஒருமுறை அசைத்துப் பார்த்திருந்தால் போதும், அப்படியே கையோடு வந்திருக்கும். தங்கள் வேலையில் கோளாறு இருக்கலாம் என்று அண்ணன் தம்பி இருவருக்கும் கனவில்கூடத் தோன்றவில்லை. நானாவது சொல்லியிருக்கலாம். எட்டு வயதுதானே என்று எனக்கு நானே சலுகை கொடுத்துப் பார்த்திருக்கிறேன், மனசு ஏற்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீள சீட்டு திரும்பி வந்தது. அம்மா அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவேயில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்பா கியர் மாற்றும்போதெல்லாம், ஜன்னலோரம் இருந்த அம்மாவின் இடது கால் தரையை அழுத்திவிட்டு மெல்ல மேலே வந்தது. அது எனக்குத் தொந்தரவாக இருந்தது.

“ஏம்மா சும்மா கால ஆட்டிக்கிட்டே வாரே?” என்றேன்.

அம்மா காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.