அமாவாசையில் திறந்த பர்கர் கடை

காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடை காலி செய்துவிட்டுப் போன இடத்தில் பர்கர் கடை வரப்போகிறது என்ற செய்தியை எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தவன் என் தம்பிதான். வடக்கே ஏதோ ஒரு மாநிலத்தில் தொடங்கிய கம்பெனி. அங்கே ஊருக்கு ஊர் கடை வைத்திருக்கிறார்களாம். காஞ்சிபுரத்தில் திறக்கப்போகும் கடைக்கு உள்ளூர் ஆள் ஒருவரை மேனேஜராகத் தேடியபோது என் தம்பி போய் நின்றான், எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச மாதம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலையை உறுதி செய்வோம் என்று சொல்லியிருந்தார்கள்.

அதற்கு முன்பு அவன் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் மேற்பார்வை பார்த்தான். கம்பெனி பஸ்ஸில் போய்க் கம்பெனி பஸ்ஸில் வருவான். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. செவிலிமேட்டில் வீடு. அவன் பெண்ணுக்கு அப்பாவைத் தூங்குகிற ஆளாகத்தான் அதிகம் தெரியும் என்று அவன் பெண்டாட்டி என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஊருக்குள்ளேயே வேலை என்றதும் அவள்தான் முதலில் சந்தோஷப்பட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிற புருஷன் கிடைக்கப்போகிறான் என்று எங்கள் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. கேட்டுக்கொண்டிருப்பேன். காலையில் பால் வாங்கப் போனால் டீக்கடை வாசலில் நான்கு பேர் நிற்பார்கள். கொஞ்ச நாள் அங்கே இந்தப் பேச்சுதான்.

"பன்னுக்கு நடுவுல வடைய வச்சிக் குடுக்கறானாம்பா."

"இன்னா வட? உளுந்து வடையா, மசால் வடையா?"

"கோழி வட."

"கோழிய எதுக்குயா அரைக்கணும்? பல்லு இல்லாதவனுக்கா?"

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "நீ நக்கல் பண்ணிக்கினே இரு. தெறந்த அன்னிக்கி மொத ஆளா நீதான் போய் நிப்ப" என்றார். கேலி செய்தவர் மறுக்கவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டு அம்மா வேறு மாதிரி கவலைப்பட்டார். கடைக்குள் ஏ.சி. போட்டிருக்கிறார்களாமே, செருப்பை வெளியே விட வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தம்பியைக் கேட்டுச் சொன்னேன். செருப்போடு போகலாம் என்றதும் அவருக்கு அந்தக் கடையின் மேல் மரியாதை கொஞ்சம் குறைந்துவிட்டது.

எந்த நாளில் திறப்பது என்று கம்பெனியில் பேச்சு வந்தது. வடக்கிலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி ஒரு பெண். எல்லோரும் மேடம் என்பார்கள். அவர் ஞாயிற்றுக்கிழமை என்றார். தம்பி வேண்டாம் என்றான். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வெளியூர்க்காரர்கள் கார் காராக வந்து காந்தி ரோடே நகராது. அதோடு நெசவாளர் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமையும் தறி ஓடும். எங்களுக்கு லீவு என்றால் அமாவாசைதான். அன்றைக்குத் தறியில் கை வைக்க மாட்டோம். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள், ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு வெளியே போவார்கள். ஆகவே வருகிற அமாவாசையில் திறந்தால் ஊரே வரும் என்று தம்பி சொல்லியிருக்கிறான். மேடம் அவன் தோளைத் தட்டி, உள்ளூர் ஆள் வேண்டும் என்பது இதற்காகத்தான் என்றாராம். நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். திறப்பு விழா அன்று வருகிற எல்லோருக்கும் ஒரு சிக்கன் பர்கர் இலவசம்.

அந்த நோட்டீஸ் பேப்பரோடு எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். தறியில் குறுக்கே ஓடும் நூலைச் சின்னக் குழலில் சுற்றித் தருவது என் வேலை. தேதியைப் பார்த்ததும் கையை நிறுத்திவிட்டுத் தம்பிக்குப் போன் செய்தேன்.

"டேய், அன்னிக்கி அமாவாசடா."

"தெரியும்கா. அதான் வச்சிருக்கறோம். ஊரே சும்மா இருக்கும்ல."

"சிக்கன்னு போட்டுக்கீது."

"யக்கா" என்றான். உடனே போனை வைத்துவிட்டான்.

எங்கள் வீடுகளில் கறி சாப்பிடுவோம். வெள்ளிக்கிழமை, கிருத்திகை, அமாவாசையில் சாப்பிட மாட்டோம். அமாவாசையில் வெங்காயம், பூண்டுகூட இல்லை. வாழைக்காயும் பூசணிக்காயும் சமைத்து, காக்கைக்கு வைத்துவிட்டுத்தான் நாங்கள் சாப்பிடுவோம். தம்பியும் பிறந்ததிலிருந்து அப்படித்தான் சாப்பிட்டிருக்கிறான். ஆனால் அவன் நினைப்பில் அமாவாசை என்றால் தறி நிற்கிற நாள். சட்டியில் என்ன வேகிறது என்பது வீட்டிலிருக்கும் பெண்கள் நினைப்பில் இருக்கிற விஷயம். தட்டில் வந்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போயிருப்பான். இதை அவன் பெண்டாட்டியிடம் சொன்னபோது, "சரியா சொன்னீங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு நெற்றியில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

தேதியை மாற்ற முடியவில்லை. எல்லா ஏற்பாடும் ஆகிவிட்டது, சென்னையிலிருந்து கேமராக்காரர்கள் வருகிறார்கள் என்று மேடம் சொல்லிவிட்டார். தம்பிக்கு அதற்குமேல் விளக்கிச் சொல்ல இங்கிலீஷ் போதவில்லையா, தைரியம் போதவில்லையா, தெரியாது.

அன்றைக்குத் தம்பி சொன்னது நடந்தது. ஊரே வந்தது. வீட்டில் படையலை முடித்துவிட்டு நானும் அவன் பெண்டாட்டியும் போனபோது வரிசை ரோட்டைத் தாண்டி நின்றது. வாசலில் பலூன் வளைவு, பாட்டு, சிவப்புத் தொப்பி போட்ட பெண் பிள்ளைகள். எங்கள் தெரு டீக்கடை வாசலில் கோழி வடையைக் கேலி செய்தவர் நெற்றி நிறைய விபூதியோடு முன்னாலேயே நின்றிருந்தார். நான் ஓர் ஓரமாகத் தூணை ஒட்டி நின்றுகொண்டேன்.

ஒவ்வொருவராக உள்ளே போய்க் காகிதம் சுற்றிய பர்கரை வாங்கினார்கள். வாங்கியவர்கள் யாரும் பிரிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். இலவசமாகக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லை, சாப்பிடவும் முடியாது.

ஒரு பெரியவர் கவுண்டரில் இருந்த பெண்ணைக் கேட்டார்: "இத வச்சிருந்து நாளிக்கி தின்னா கெட்டுப்புடுமாம்மா?"

"உடனே சாப்பிடணும் தாத்தா. ஆறிட்டா நல்லா இருக்காது."

"சைவம் இருக்குதா?"

"இருக்குது. காசு குடுத்து வாங்கணும்."

"அது பரவால்ல. வெங்காயம் இல்லாம இருக்குதா?"

அந்தப் பெண்ணும் எங்கள் ஊர்தான். பிள்ளையார்பாளையம். அவள் குரலைத் தணித்து, "இல்ல தாத்தா. அரைக்கும்போதே சேத்துடறாங்க. நானே இன்னிக்கித் தொடல" என்றாள்.

கேமராக்காரர்கள் கூட்டத்துக்குள் வந்தார்கள். காஞ்சிபுரம் மக்கள் முதல் முறையாகப் பர்கர் கடிக்கிற காட்சி அவர்களுக்கு வேண்டும். ஒவ்வொருவரிடமும் கடிக்கச் சொல்லிச் சைகை காட்டினார்கள். எங்கள் ஆட்கள் சொன்னபடி செய்தார்கள். காகிதத்தைப் பிரித்தார்கள், வாயருகே கொண்டுபோனார்கள், சிரித்தார்கள், இறக்கிவிட்டார்கள். கேமராக்காரர் மறுபடியும் சைகை காட்டினார். மறுபடியும் வாய்வரை போய் இறங்கியது. விபூதிக்காரர் மட்டும் கொஞ்சம் ஒத்துழைத்தார். வாயைத் திறந்து நன்றாகவே காட்டினார். பர்கர் உள்ளே போகவில்லை.

மேடம் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். அவன் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் போதுமாக இருந்தது. என் பக்கத்தில் நின்றிருந்த தம்பி பெண்டாட்டி, "போச்சு அண்ணி. திரும்பக் கம்பெனி பஸ்ஸுதான்" என்றாள். கையிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தம்பி வாசலுக்கு வந்தான். வேர்த்திருந்தான். "எல்லாம் இன்னிக்கி டோக்கன் வாங்கிக்கினு போங்கபா. நாளிக்கி வந்து சுடச்சுட சாப்புடலாம்" என்று குரல் கொடுத்தான்.

"நாளிக்கித் தறிய வுட்டுட்டு எவன்யா வருவான்?" என்று வரிசையிலிருந்து பதில் வந்தது.

"எண்ணக் கையோட போய்ப் பட்டுல கைய வைக்கச் சொல்றியா?" என்றார் இன்னொருவர்.

தம்பியும் தறி வீட்டில் வளர்ந்தவன்தான்.

எங்கள் தெருவுக்குப் பள்ளிக்கூட ஆட்டோ ஓட்டுகிற பாய் ரோட்டோரமாக ஆட்டோவை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். விபூதிக்காரர் அவரைப் பார்த்தார். நேரே போய், "பாய், நீ சாப்புடுவ இல்ல? இந்தா" என்று பர்கரை நீட்டினார்.

பாய் வாங்காமல் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்ததை எட்டிப் பார்த்துவிட்டு, "ஹலால்னு போட்டுக்கீறான். குடு" என்று வாங்கினார்.

அதைப் பார்த்த அடுத்தவரும் போனார். அதற்கடுத்தவரும் போனார். கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற கூட்டம் முழுக்க ஆட்டோவை நோக்கி நகர்ந்தது. பின் சீட்டு நிறைந்தது. பாய் முதலில் சிரித்தார், பிறகு பயந்துவிட்டார். "போதும்பா, நான் இன்னா ஓட்டலா வச்சிருக்கறேன்?" என்றார். போன் போட்டுத் தன் ஸ்டாண்டு ஆட்களைக் கூப்பிட்டார். அவர்கள் வந்து ரோட்டிலேயே நின்று சாப்பிட்டார்கள். பாய் ஒன்றைப் பிரித்து நன்றாகக் கடித்து, மென்றுகொண்டே, "பரவால்ல. ஆனா காரம் இல்ல" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார். அந்தக் காட்சிதான் பிறகு எல்லோர் போனிலும் விளம்பரமாக வந்தது.

தம்பியை வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தோம். எடுக்கவில்லை. ஊர்க் கடைக்கு வேலூரிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவந்து போட்டார்கள். தாமல் தாண்டிப் பெங்களூர் ரோட்டில் அதே கம்பெனி இன்னொரு கடை திறந்தது. அங்கே தம்பியை அனுப்பினார்கள். மேனேஜர் வேலைதான், சம்பளமும் அதேதான். வண்டியில் போய் வர வேண்டும், வீட்டுக்கு வர ராத்திரி ஆகிவிடும். ஆறு மாதம் போகட்டும், ஊருக்கு மாற்றுவதைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று மேடம் சொல்லியிருந்தார். தம்பி பெண்டாட்டி அந்த ஆறு மாதத்தைப் பிடித்துக்கொண்டாள். எப்போது பார்த்தாலும், "கொஞ்ச நாள்தான் அண்ணி, அப்புறம் டவுன்லயே போட்டுடுவாங்க" என்பாள்.

அந்த ஆறு மாதம் முடிகிற சமயத்தில் நானும் என் வீட்டுக்காரரும் தாமலில் ஒரு சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போனோம். திரும்பும்போது அவர்தான் உன் தம்பி கடையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வண்டியைத் திருப்பினார்.

வெளியே வெளிமாநில நம்பர் போட்ட கார்கள் நின்றன. தம்பி சிவப்புத் தொப்பி போட்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் கண்ணாடி ஓரமாக உட்கார வைத்தான். என்ன வேண்டும் என்று கேட்பான் என்று நினைத்தேன்.

"யக்கா, இன்னிக்கி இன்னா நாளு?" என்றான்.

"பொதன்."

"அது தெரியும். வேற ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல. குடுடா."

கொண்டுவந்து வைத்தான். அதுதான் நான் சாப்பிட்ட முதல் பர்கர். பன் லேசாக இனித்தது. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது, ஓரத்தில் வெள்ளையாக ஏதோ வழிந்தது. என் வீட்டுக்காரர் பன்னைத் தனியாகவும் கறியைத் தனியாகவும் பிரித்து வைத்துச் சாப்பிட்டார். தம்பி எதிரில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம் பேச்சில்லாமல் வேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவன் பார்வை அங்கேயும் போய்ப் போய் வந்தது.

"டவுனுக்கு எப்போ?" என்று கேட்டேன்.

"போன வாரமே கூப்ட்டாங்க. வேணாம்னுட்டேன்."

"ஏன்டா?"

"இங்க வர்றவன் பசியோட வர்றான்கா. வாங்கினதும் தின்றான். பாக்க நல்லா இருக்குது."

கவுண்டரிலிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் திரும்பியபோது, "வூட்ல சொல்லிட்டியா?" என்றேன்.

"இன்னும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை அவன் பெண்டாட்டி பூ வாங்க வந்தவள் எங்கள் வீட்டுக்கும் வந்தாள். கடைக்குப் போனீங்களாமே, எப்படி இருந்தது என்று கேட்டாள். நன்றாக இருந்தது, காரம்தான் இல்லை என்றேன். மாற்றல் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். அவனே வந்து சொல்வான் என்று சொல்லிவிட்டு, குழலை எடுத்து நூலைச் சுற்றத் தொடங்கினேன். அவள் உடனே போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, நான் சுற்றி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.