பல்செட்காரர் வீட்டுக் கடல்

தெருவில் அவருக்குப் பல்செட்காரர் என்று பெயர். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பொய்ப்பல் செய்து கொடுப்பது தொழில். மாடி வீட்டின் முன்னறைதான் பட்டறை. மேசை நிறைய யார் யாருடைய தாடைகளோ பிளாஸ்டரில் வாய் பிளந்து கிடக்கும். மனிதர்கள் சிரிப்பதை அவர் அதிகம் பார்த்ததில்லை. சிரிப்புக்கு வேண்டிய சாமான்களைப் பார்த்தே வயதாகிவிட்டது.

ஒரே மகன் வேலைக்காக வெளிநாடு போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். அம்மாவிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு, "அப்பாகிட்ட குடும்மா" என்பான்.

"சாப்டீங்களாப்பா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சுப்பா. வேற?"

"வேற என்ன. ஒண்ணுமில்ல."

இவர்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. இருந்திருந்தால் பேசுவதற்கு அதுவாவது இருந்திருக்கும்.

ஒரு ஞாயிறன்று, அங்கேயே வீடு வாங்கிவிட்டதாக மகன் சொன்னான். அம்மா அன்று சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. மறுநாள் காலை பல்செட்காரர் மகனின் அறைக்குள் டேப்பும் கையுமாக நின்றார்.

"என்னத்தை அளக்குறீங்க?" என்றாள் மனைவி.

"மீன் தொட்டி வைக்கலாம்னு. கடல் மீன், பவளம் எல்லாம்."

டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் அப்படி ஒரு தொட்டி இருந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் அதன் முன்னால் கையை எடுத்துவிடுவார்கள். பல்செட் கொடுக்கப் போகும்போதெல்லாம் அவரும் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். அவருக்குப் பல்வலி இல்லை.

"ஊர்ல இல்லாத ஆசையா இருக்கே. வைக்கிறதுக்கு அவன் ரூம்தான் கெடச்சுதா?"

"கடல் தண்ணி கனம். இந்தச் சுவருக்குக் கீழதான் தூண் போகுது."

"அப்ப கட்டில்?"

அவர் டேப்பைச் சுருட்டினார். "பல்லு விழுந்த எடத்தைச் சும்மா விடக்கூடாதும்மா. பக்கத்துப் பல்லெல்லாம் அதுல வந்து சாஞ்சிடும்."

"வச்சுக் கட்டின பல்லு கடிக்கும். அதுக்கு வலிக்குமா?"

ஆனாலும் கட்டிலைப் பிரித்து மொட்டை மாடியில் சாய்த்துவைத்தார்கள்.

தொட்டிக்கான இரும்பு ஸ்டாண்டை மனைவியின் தம்பி வெல்டிங் அடித்துக் கொடுத்தான். கேட், கிரில் செய்கிறவன். வாயும் பற்றவைக்கிற வாய்தான். பல்செட்காரர் பாறைத் துண்டுகளை ஈறு செய்யும் இளஞ்சிவப்புப் பசையால் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "என்னத்தான், மீனுக்கும் பல்செட்டா? அதுங்க கடைவாய்ல வச்சு என்னத்தைக் கடிக்கப்போகுது?" என்றான்.

"ஒனக்கு ஒண்ணு செஞ்சு தரேன். வாயைத் தொறக்க முடியாத மாதிரி."

அக்கா சிரிக்கவில்லை.

எதிர்பாராதது அடுத்த ஞாயிறு நடந்தது. "வேற என்னப்பா?" என்று மகன் வழக்கம்போல் கேட்க, வழக்கத்துக்கு மாறாக அவர் தொட்டியைப் பற்றிச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து, "நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியாப்பா?" என்று குரல் எழுந்து வந்தது. அன்று போன் சூடாகும்வரை பேசினார்கள்.

அதற்குப் பிறகு மகன் படித்துவிட்டு வந்து பேசினான். குழாய்த் தண்ணீர் கூடாது, சுத்திகரித்த தண்ணீரில்தான் உப்பைக் கரைக்க வேண்டும் என்றான். தண்ணீரை ஓயாமல் புரட்ட எந்த மோட்டார், பவளத்துக்கு எந்த விளக்கு என்று படங்கள் அனுப்பினான். தொட்டி நிறைந்ததும் மீனை விடக் கூடாது, பாறையில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பெருகித் தண்ணீர் பக்குவப்படும்வரை காத்திருக்க வேண்டும் என்றான். காத்திருந்தார்கள். கண்ணாடியில் பழுப்பாக ஏதோ படர்ந்தது. வெறும் தண்ணீர் விளக்கு வெளிச்சத்தில் சுழன்றுகொண்டிருந்தது. "காசு குடுத்துக் கடலை வாங்கி வச்சு, அலையை எண்ணிட்டு உக்காந்திருக்காரு மனுஷன்" என்று அந்த அம்மாள் தம்பியிடம் சொன்னாள்.

ஆனால் போன் இப்போது முதலில் அப்பாவுக்கு வந்தது. நேருக்கு நேர் பார்த்துப் பேச முடியாத இருவர் மூன்றாவதாக ஒன்றைச் சேர்ந்து பார்த்தால் பேச்சு வந்துவிடுகிறது. அன்பு என்று இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அவர்களுக்குக் கிடைத்தது இதுதான்.

ஒருவழியாக இரண்டு மீன்கள் வந்தன. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டவை. பச்சை விரல்கள் போல் அசையும் பவளம் ஒன்றும் வந்தது. அந்த அம்மாள் முதல் வாரம் அறைக்குள் வரவே இல்லை. அடுத்த வாரம் வாசலில் நின்று பார்த்தாள். அதற்கடுத்து நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பெரிய மீன் எங்கே போனாலும் சின்னது பின்னாலேயே போவதைப் பார்த்து, "இதுக்கும் அம்மா புடவை முந்தானை வேணும்போல" என்றாள். ஞாயிறுகளில் போனைத் தொட்டிப் பக்கம் திருப்பி மகனுக்கு அவளே காட்டினாள். மூவரும் ஒரே அறையில் இருப்பது போலிருந்தது.

கோடையில் பல்செட்காரரின் தங்கைக்கு இடுப்பு எலும்பு முறிந்து, அவர் வெளியூரில் ஒரு மாதம் போய் இருக்க வேண்டி வந்தது. கிளம்பும்போது மனைவியிடம், "தீனி ஒரு சிட்டிகை போதும். தண்ணி இந்தக் கோட்டுக்குக் கீழ எறங்கினா ஊத்திவிடு" என்றார். தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு டிரம் இருந்தன. நீலத்தில் வெறும் தண்ணீர், வெள்ளையில், தொட்டித் தண்ணீரை அவ்வப்போது மாற்றுவதற்காக அவர் கரைத்து வைத்த உப்புத் தண்ணீர். எதிலிருந்து என்று அவர் சொல்லவில்லை. அது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமாகவே படவில்லை.

வெயிலில் தண்ணீர் தினமும் இறங்கியது. அவள் தினமும் ஊற்றினாள். போனில் மகனிடமும் சொன்னாள். "சூப்பர்ம்மா. அப்பாவை விட நீதான் நல்லாப் பாத்துக்கிற" என்றான். அதைத் தம்பியிடமும் சொல்லி மகிழ்ந்தாள்.

அவர் திரும்பி வந்தபோது தொட்டியின் விளிம்பெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. பவளம் கரைந்து பாறையில் சளி போல் தொங்கியது. சின்ன மீனைக் காணவில்லை; பாறைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள். பெரியது ஒரு மூலையில் சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. உப்பளக்கும் மிதவையைத் தண்ணீரில் விட்டார். உப்பு மிகுந்துபோன தண்ணீரில் அது கழுத்தை நீட்டிக்கொண்டு மேலே நின்றது.

"எந்த டிரம்லேர்ந்து ஊத்துன?"

"வெள்ளை டிரம்தான். ஏங்க? நீலத்துல வெறும் தண்ணிதானே இருக்கு. கடல் மீனுக்கு வெறும் தண்ணி ஊத்தினா செத்துடாது?"

வெயில் தண்ணீரைத்தான் எடுத்துக்கொண்டு போகும், உப்பை விட்டுவிட்டுப் போகும் என்பதை எப்படிச் சொல்வது என்று யோசித்தார். போனது எதுவோ அதைத்தான் நிரப்ப வேண்டும். அவள் இருப்பதன் மேலேயே மேலும் மேலும் கொட்டியிருக்கிறாள். ஒருநாள்கூடத் தவறாமல்.

"வெயில் தாங்கல போலிருக்கு" என்றார்.

"பொய் சொல்லாதீங்க. ஒங்களுக்கு அது வராது" என்றாள். பெரிய மீன் மாலைக்குள் அடங்கியது.

"புதுசா ரெண்டு வாங்கிடலாம். அவனுக்குத் தெரியாது" என்றார் அவர்.

"பல்லா அது, ஒண்ணு போனா ஒண்ணு மாட்ட?" நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, "அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள். "சொன்னா அப்புறம் எதைப் பேசுவான்?"

ஞாயிறு வந்தது. தண்ணீரை மாற்றி, பாறையைத் துலக்கி, விளக்கைப் போட்டு வைத்திருந்தார். பாறையை ஒட்டிய ஈறுப்பசை மட்டும் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது.

"மீனைக் காட்டுங்கப்பா."

அவர் போனைத் திருப்பினார். தண்ணீர் சுழன்றது.

"எங்கப்பா காணோம்?"

"பாறைக்குப் பின்னால இருக்கும்."

"பவளம்?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் போனருகே குனிந்து, "தூங்குதுப்பா எல்லாம்" என்றாள். நடுப்பகல் அது.

அந்தத் தொட்டியின் ஒவ்வொரு அங்குலத்தையும் படித்துத் தெரிந்து வைத்திருந்தவன் மகன். "சரிம்மா. தூங்கட்டும்" என்றான். குரல் மிக மென்மையாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அவன் மீனைப் பற்றிக் கேட்கவில்லை. அவர்களுக்குச் சங்கடம் தரக் கூடாது என்று நினைத்திருப்பான். அதற்கடுத்த ஞாயிறும் கேட்கவில்லை. கதவை அறைந்து சாத்தினால் திரும்பத் தட்டலாம். இரக்கத்தோடு சாத்திய கதவை எதைச் சொல்லித் தட்டுவது?

"சாப்டீங்களாப்பா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சுப்பா. வேற?"

மகன் அறையில் தொட்டி மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. மறுபுறமும் அது கேட்டிருக்கும்.

"வேற ஒண்ணுமில்ல" என்றார் பல்செட்காரர். போனை வைத்துவிட்டு எழுந்து போய், கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்த தண்ணீருக்கு நீல டிரம்மிலிருந்து ஒரு சொம்பு மொண்டு ஊற்றினார்.