திரும்பாத முகம்

திருப்பதியில் நான் பார்த்த அந்த டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, களையான முகம். ஆனால் அந்த முகம் கம்ப்யூட்டரை விட்டுத் திரும்பாது. யார் என்ன சொன்னாலும் "ம்ம்" என்றபடி தட்டிக்கொண்டே இருப்பார்.

நகரியிலிருந்து அப்பாவை அவரிடம் அழைத்துப் போயிருந்தேன்.

"வலி இருக்கா பெரியவரே?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்றார் அப்பா. சொல்லும்போதே வலது விலாவை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

டாக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், கொஞ்சம் எங்க நைனாவைத் திரும்பிப் பாருங்க சார்!"

திரும்பினார். எழுந்து வந்து, அப்பாவின் கையை விலக்கி அந்த இடத்தை அழுத்தினார். அப்பா அலறிவிட்டார்.

"இவ்ளோ வலிய வெச்சிக்கினு ஏன் சொல்லல?"

"நீங்க வேலையா இருக்கீங்களே சார். நடுவுல நம்ம தொல்ல எதுக்குன்னு கம்முனு இருந்துகினேன்."

டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பித்தப்பையில் கல். அவரே ஆபரேஷன் செய்தார், அப்பா தேறிவிட்டார்.

அவரைப் பற்றிப் பேச்செடுத்தாலே அப்பா கையெடுத்துக் கும்பிடுகிறார். நான் அன்று கத்தாமல் இருந்திருந்தால் வெறும் மாத்திரையோடு பஸ் ஏறியிருப்போம். எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் இன்னும் தீரவில்லை.