நிறைந்த வீட்டில்தான் விற்க வேண்டும்

மெர்காதோ அர்தித்திக்கு முன்னால் அந்த வீட்டில் பிறந்தது எதுவும் தங்கவில்லை. அப்பா இப்போது கிரேக்க தேசத்தில் இருக்கிற சலோனிகா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். அம்மா ராகேல், பெற்றுப் பெற்றுப் பறிகொடுத்தவள். இவனுக்கும் காய்ச்சல் வந்து கண் செருகியபோது அவள் எங்கள் யூத ஆட்கள் செய்கிற காரியத்தைச் செய்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டு ஜமிலாவிடம் ஒரு செப்புக் காசுக்கு விற்றுவிட்டாள். "இது என் பிள்ளை இல்லை, உன் பிள்ளை" என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவினாள். அர்தித்தி வீட்டுப் பிள்ளையைத் தேடி வருகிற மரண தூதன், இது வேறு யாருடையதோ என்று ஏமாந்து திரும்பிவிடுவான். அப்படித்தான் ஏமாந்தும் போனான். பையனுக்கு மெர்காதோ என்று பேர் வைத்தார்கள். வாங்கப்பட்டவன் என்று பொருள். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு மெர்காதோ உண்டு. யாரும் சிரிப்பதில்லை.

ஆனால் இதற்குக் கட்டுப்பாடு உண்டு. குழந்தைகள் நிறைந்த வீட்டில்தான் விற்க வேண்டும். ஜமிலா வீட்டில் கால் வைக்கிற இடமெல்லாம் பிள்ளைகள். பெற்றவள் அதற்கப்புறம் வாய் தவறியும் 'என் பிள்ளை' என்று சொல்லக் கூடாது. சொன்னால் தூதன் காதில் விழுந்துவிடும். கல்யாணத்தன்று வாங்கினவள் ஊர் முன்னால் பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பாள். அதுவரைக்கும் பொறுக்க வேண்டும்.

ராகேல் பொறுத்தாள். பையன் படுப்பதும் உண்பதும் பெற்றவளிடம்தான். ஆனாலும் தன் கையால் ஊட்டி வாயைத் துடைத்துவிட்டு, முற்றத்தில் நின்று எல்லோரும் கேட்கிற மாதிரி சத்தம் போடுவாள்: "ஜமிலாக்கா, உன் பையன் சாப்பிட்டானா?" ஜமிலாவும் சளைக்காமல், "சாப்பிட்டான், சாப்பிட்டான், உனக்கென்ன வந்துச்சு?" என்பாள். மெர்காதோவுக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாண வயது வருவதற்குள் ராகேல் விஷக்காய்ச்சலில் விழுந்தாள். கடைசியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல் ஜமிலாவைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டாள். அத்தோடு கண்ணை மூடிவிட்டாள். ஒரு தடவையாவது மகனே என்று கூப்பிட்டிருக்கலாமே, என்ன கல்நெஞ்சு என்று அவன் ரொம்ப நாள் புழுங்கினான்.

அப்பாவைப் போல மூட்டை தூக்க அவன் முதுகு சம்மதிக்கவில்லை. நடுக்கடலில் நிற்கிற கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்கு ஏற்றி இறக்குகிற தோணியில் சேர்ந்தான். தோணிக்காரன் தோணி முதலாளி ஆனான். எல்லோரும் கிரேன் வந்துவிட்டது, தோணிக்கு இனி வேலை இல்லை என்று ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தபோது, இவன் வோலோஸ் ஊரில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு சின்ன நீராவிக் கப்பலைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கினான். வாங்கினவனைப் பார்த்து ஊரே கைகொட்டிச் சிரித்தது. அது கவாலாவிலிருந்து புகையிலைச் சிப்பம் ஏற்றிக்கொண்டு புகை கக்கியபடி வந்து நின்றதும் சிரித்தவர்களே சரக்கோடு வரிசையில் நின்றார்கள். பிறகு இன்னொரு கப்பல். அதற்குப் பெண்டாட்டி பலோம்பாவின் பேர்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவன் அசையவே இல்லை. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்து எங்கள் ஓய்வு நாள் பிறந்துவிட்டால் அவன் கப்பல் நகராது. ஒரு காலத்தில் எங்கள் சனிக்கிழமைக்காக மொத்தத் துறைமுகமும் மூடிக் கிடந்தது. பிறகு சர்க்கார் ஞாயிற்றுக்கிழமைதான் லீவு என்று சட்டம் போட்டது. மற்றவர்கள் மாறினார்கள். மெர்காதோ இரண்டு நாளும் மூடினான்.

"உங்க சாமிக்கு ஒரு நாள், எங்க சாமிக்கு ஒரு நாள். கடல் என்ன பாவம் பண்ணுச்சு, அதுக்கு எப்போ முதலாளி லீவு?" என்று அவன் கப்பலின் கேப்டன் ஸ்தமாத்தி கிண்டல் பண்ணுவான்.

"உன் வாய் மூடுற அன்னைக்கு" என்பான் மெர்காதோ.

ஸ்தமாத்தி ஸ்கோபெலோஸ் தீவுக்காரன், கிரேக்கக் கிறிஸ்தவன். அவன் பெண்டாட்டி அர்கிரோவுக்குப் பிள்ளை இல்லை. போகாத கோயில் இல்லை, ஏற்றாத மெழுகுவர்த்தி இல்லை. மெர்காதோவுக்கு நாற்பதை நெருங்குகிற வயதில் எஸ்த்ரேயா பிறந்தபோது, அர்கிரோ ஒரு கூடை உலர்ந்த பிளம்ஸோடு வந்து, குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

பிறகு ஜெர்மன்காரன் வந்தான். கப்பல்களைப் பிடுங்கிக்கொண்டான். பலோம்பா என்ற பேரின் மேல் சாம்பல் வண்ணம் அடித்து ஏதோ நம்பர் எழுதினான். அடுத்த கோடையில் எங்கள் ஆண்பிள்ளைகளை எல்லாம் சதுக்கத்துக்கு வரச் சொன்னார்கள். சனிக்கிழமையாகப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள், படுபாவிகள். உச்சி வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்க வைத்தார்கள். மெர்காதோவை, "கப்பல்காரனா நீ? நீந்து பார்க்கலாம்" என்று தரையில் உருளச் சொன்னார்கள். உருண்டான். மாடிகளிலிருந்து சிலர் வேடிக்கை பார்த்துக் கை தட்டினார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அந்தக் குளிர்காலத்தில் எங்கள் கல்லறைத் தோட்டத்தையும் கொத்தி எடுத்தார்கள். ராகேலின் கல் எந்த வீட்டுக்குப் படியாகப் போனதோ தெரியாது.

சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் வந்தது. தெருக்களை மரவேலி போட்டு அடைத்தார்கள். ரயிலில் ஏற்றிப் போலந்துக்கு அனுப்பப் போகிறார்கள், அங்கே வேலை தருவார்களாம் என்று பேச்சு. அந்த வாரம் ஸ்தமாத்தி விறகு ஏற்றின படகோடு வந்து, ரொட்டிக் கடைக்காரன் மூலமாகச் சொல்லி அனுப்பினான். படகில் அர்கிரோவும் இருக்கிறாள். குழந்தையைக் கொடுத்தால் தங்கள் பிள்ளை என்று சொல்லிக் கொண்டு போய்விடுவார்கள்.

"நீயும் கூடப் போயிடு" என்றான் மெர்காதோ.

பலோம்பா மாட்டேன் என்றாள். பக்கவாதத்தில் கிடக்கிற தாயை யாரிடம் விடுவது? "பாப்பா போகட்டும். ஆனா சும்மா கொடுக்காதே. முறையா வித்துக் கொடு. உன்னை வித்ததாலதானே நீ உசுரோட நிக்கிறே?"

"பிள்ளைங்க நிறைஞ்ச வீட்டுலதானே விக்கணும்? அவங்க வீட்டுல ஒண்ணுகூட இல்லையேடி."

"ஆமா, இப்போ வீடு வீடாப் போயி பிள்ளைங்களை எண்ணிப் பாரு! போறியா, இல்ல நான் போகட்டுமா?"

விடியற்காலையில் ரொட்டிக் கடையின் பின்வாசலில் காரியம் நடந்தது. அர்கிரோவுக்கு இந்த வழக்கம் தெரியாது. மெர்காதோ சொல்லச் சொல்ல, மடியிலிருந்து ஒரு செப்புக் காசை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் மாவுப் பீப்பாயைப் பார்த்துக்கொண்டு, "இவ என் பொண்ணு இல்லை. உன் பொண்ணு. இவ என் பொண்ணு இல்லை. உன் பொண்ணு" என்று சொன்னான். முறை தவறாமல் சொல்லி முடித்துக் கையைக் கழுவினான். அர்கிரோ சிலுவை போட்டுக்கொண்டு, தூங்குகிற குழந்தையைத் தன் கறுப்புச் சால்வைக்குள் சுருட்டினாள். அவள் முகத்தில் இருந்தது பயம்தான் என்று மெர்காதோ அன்றைக்கு நினைத்தான்.

அடுத்த நடையில் பலோம்பாவையும், கட்டிலோடு தூக்கி அவள் தாய்க்கிழவியையும் படகில் ஏற்றுவதாக ஏற்பாடு. ஊருக்கு வெளியே ஆளில்லாத ஒரு கரையில் படகு ஒதுங்க வேண்டும். ஆழம் எங்கே, பாறை எங்கே என்று அந்தத் தண்ணீரை அறிந்தவன் மெர்காதோதான். நட்சத்திரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு முன்னால் போய்க் காத்திருந்தான். அவன் அங்கே காத்திருந்தபோது இங்கே அவர்கள் தெருவைக் காலி பண்ணி ரயிலடிக்கு நடத்திக்கொண்டு போய்விட்டார்கள். கிழவியைக் கைவண்டியில் வைத்துப் பலோம்பா தள்ளிக்கொண்டு போனாள் என்று பிறகு கேள்விப்பட்டான். படகு சொன்னபடி வந்தது. ஸ்தமாத்தி அவனை மூட்டையைப் போலத் தூக்கிப் போட்டுக்கொண்டு துருக்கிக் கரையில் இறக்கிவிட்டான். அப்படி எங்கள் ஆட்கள் எத்தனையோ பேரைக் கடத்திவிட்டவன், கடைசியில் பிடிபட்டான். சொந்தத் தீவின் கப்பல்துறையிலேயே நிறுத்திச் சுட்டார்கள்.

சண்டை முடிந்ததும் மெர்காதோ சலோனிகா வந்து பார்த்தான். அவன் வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். துறைமுகத்தில் எங்கள் பேச்சு ஒரு சொல் காதில் விழவில்லை. போலந்திலிருந்து திரும்பி வந்த ஒருத்தன் பலோம்பாவும் கிழவியும் எப்படிச் செத்தார்கள் என்று சொன்னான். வேண்டாம், அதை ஏன் திருப்பிச் சொல்ல வேண்டும்? வெந்த மனசோடு ஸ்கோபெலோஸ் போனான். எஸ்த்ரேயா அர்கிரோவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தாள். அவளை இப்போது அக்ரிவி என்று கூப்பிட்டார்கள். எங்கள் பேச்சு முழுக்க மறந்துபோயிருந்தது.

"இப்போ எங்கே கூட்டிட்டுப் போவே?" என்று அர்கிரோ மெதுவாகத்தான் கேட்டாள். "உனக்கே படுக்க இடம் இல்லையேப்பா. முதல்ல ஒரு வீட்டை உண்டாக்கு. அப்புறம் வா."

அது நியாயமாகப் பட்டது. பிரெஞ்சு தேசத்து மார்செய் துறைமுகத்தில் அவனுக்கு சபெத்தாய் என்று ஒரு மாமன் மகன் இருந்தான். அங்கே போய்ச் சேர்ந்தான். ஜெர்மன்காரன் போகிற போக்கில் அந்தத் துறைமுகத்துக்கு வெடி வைத்துவிட்டுப் போயிருந்தான். கப்பல் கரையைத் தொட வழியில்லை. மறுபடியும் தோணி! நரைத்த தலையோடு மெர்காதோ முதலிலிருந்து ஆரம்பித்தான். வாடகைத் தோணி, சொந்தத் தோணி, பழைய இரும்புக்குப் போகவிருந்த கப்பல். பிரெஞ்சுக்காரன் அவனைக் கிரேக்கன் என்றான். அங்கிருந்த கிரேக்கன் யூதன் என்றான். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கப்பலுக்கு எஸ்த்ரேயா என்று பேர் எழுதினான். துறைமுகம் தெரிகிற மாதிரி ஒரு வீடு பிடித்தான்.

"மூணு ரூம் எதுக்குடா உனக்கு? ஒண்ணுல படுத்து, ஒண்ணுல குறட்டை விடப் போறியா?" என்று சபெத்தாய் கேட்டான்.

"பாப்பாவுக்கு ஒண்ணு வேணும்டா. பொட்டப் பிள்ளை, தனி ரூம் கேட்பா."

கட்டில் வாங்கிப் போட்டான். அவள் வளர வளர அதை மாற்றிப் பெரிய கட்டில் வாங்கினான். யாரும் படுக்காத கட்டில்! சபெத்தாய் அதற்கப்புறம் கிண்டல் பண்ணவில்லை. கோர்ட்டுக்குப் போனால் ஒரே வாய்தாவில் பிள்ளை கைக்கு வந்துவிடும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

எஸ்த்ரேயாவுக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், மெர்காதோ தன் சொந்தக் கப்பலில் வந்து அந்தத் தீவின் முன்னால் நங்கூரம் போட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளோடு கிளம்புவதாகத் திட்டம். இறங்கின கப்பல்துறையில், ஸ்தமாத்தி விழுந்த இடத்தில் யாரோ விளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள்.

அர்கிரோ கிழடு தட்டிப் போயிருந்தாள். அவனை உட்காரச் சொல்லவில்லை.

"வீட்டை உண்டாக்கிட்டேன். கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்" என்றான் மெர்காதோ.

"வருவேன்னு தெரியும். வராம இருக்கணும்னுதான் தினம் விளக்கேத்தினேன்." அவள் அழவில்லை. "சட்டம் உன் பக்கம்தான். நான் குறுக்கே நிக்கலை. ஆனா அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு."

"அவளுக்கு இன்னும் தெரியாதா?"

"என்னன்னு சொல்றது? உங்கப்பன் உன்னை ஒரு செப்புக் காசுக்கு வித்தான்னா? நீதானே என் கையில காசு வாங்கினே? என் பொண்ணு இல்லைன்னு உன் வாயாலதானே சொன்னே? உங்களுக்கு அது ஏதோ சடங்கு. எனக்கு அது சாமி கொடுத்த வரம்யா! என் புருஷனைச் சுட்டுட்டாங்கன்னு வந்து சொன்னப்போ இவதான் என் மடியில இருந்தா. இல்லைன்னா அன்னைக்கே கிணத்துல விழுந்திருப்பேன்."

மெர்காதோ சுவரில் சாய்ந்தான். குழந்தைகள் நிறைந்த வீட்டில்தான் விற்க வேண்டும். ஏன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அந்த வீட்டு ராசி ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டோம். ராசியாவது மண்ணாவது! ஜமிலாவுக்கு வீடு முழுக்கப் பிள்ளைகள். அதில் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு வலித்திருக்காது. அவன் ஒன்றுமே இல்லாத வீட்டில் விற்றிருக்கிறான்.

வாசலில் செருப்புச் சத்தம். எஸ்த்ரேயா தோட்டத்துப் பிளம்ஸ் பழத்தை முந்தானை போல மடித்த ஏப்ரனில் அள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். பலோம்பாவின் நெற்றி, பலோம்பாவின் நடை.

"ஐயா, அந்தக் கப்பல் உங்களுதா?" என்று கிரேக்கத்தில் கேட்டாள். "எங்கப்பாவும் கேப்டன்தான். அது மேல என்ன எழுதியிருக்கு? வேற எழுத்தா இருக்கே."

"எஸ்த்ரேயா."

"அது யாரு?"

"ஒரு பொண்ணு பேரு."

"உங்க பொண்ணா?"

அர்கிரோ அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு மேடையை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்காகத்தான் தோணி, கப்பல், வீடு, கட்டில் எல்லாம். அவன் வாயைத் திறந்தான். அவன் தெருவில் வேலிக்குள் இருந்த பிள்ளைகளில் இவள் ஒருத்திதான் மிச்சம். விற்றதால் மிச்சம். இன்னும் கல்யாணமாகாத பிள்ளை. சொன்னால் யார் காதில் விழுமோ! அது போகட்டும், சொன்ன மறு நிமிஷம் இந்தப் பிள்ளை இருக்கிற தாயையும் இழந்து, செத்துப்போன தகப்பனையும் இழந்து, முன்பின் தெரியாத ஒரு நரைத்த ஆளின் பின்னால் கப்பலேற வேண்டும்.

"இல்லம்மா" என்றான். "எனக்குப் பொண்ணு கிடையாது."

எஸ்த்ரேயா பாவப்பட்டு ஒரு கை பிளம்ஸ் எடுத்து அவனிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டான். வாசல்படி வரைக்கும் போனவன் நின்றான். அவனைப் பெற்றவள் இத்தனை வருஷம் கழித்து அவன் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டாள். அவன் மகளைப் பார்க்காமல் அடுப்படியைப் பார்த்துக் கேட்டான்.

"அர்கிரோக்கா, உன் பொண்ணு சாப்பிட்டாளா?"

அர்கிரோ அடுப்பில் விறகைத் தள்ளினாள். எஸ்த்ரேயாதான் சிரித்துக்கொண்டு, "நல்லா சாப்பிட்டேன், ஐயா" என்றாள்.

அவன் கப்பலுக்குத் திரும்பினபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இங்கே நின்றால் வாய் தவறிவிடும் என்று நங்கூரத்தைத் தூக்கச் சொன்னான். வெள்ளிக்கிழமை ஆயிற்றே முதலாளி, விளக்கு வைத்தாயிற்றே என்று மாலுமிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவன் மறுபடியும் சொன்னான், தூக்கினார்கள்.