ஆடி முடிந்து போட்ட தபால்

காஜா பேராங்கில் நான் மளிகைக்கடை வைத்திருந்த முப்பது வருஷத்தில் தம்பிராஜாவைத் திட்டியதுபோல் வேறு யாரையும் திட்டியதில்லை. இத்தனைக்கும் திட்டு வாங்குகிற ஆளே இல்லை அவர். முனிசிபலில் சாக்கடை வெட்டும் வேலை. குடி கிடையாது, வம்பு கிடையாது. சாயங்காலம் என் கடைக்கு வந்து ஒரு சுருட்டு வாங்குவார், அவ்வளவுதான்.

அவருக்கு ஒரே மகள், பாக்கியலட்சுமி. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு வரை படித்துத் தேறியிருந்தாள். அடுத்து என்ன என்பதில்தான் வீட்டில் ரகளை. தாய் ருக்மணிக்கு, செமாபோக்கில் இருக்கும் அண்ணன் மகனுக்குக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும். பெண்ணுக்கு டீச்சராக வேண்டும். நம்ம ஆள் ஜென்மத்தில் முதல் தடவையாகப் பெண்டாட்டியை எதிர்த்துப் பேசினார். கடைசியில் ருக்மணி ஒரு கெடு வைத்தாள். ஆசிரியர் பயிற்சிக்கு இந்த வருஷமே இடம் கிடைத்தால் போகட்டும், இல்லாவிட்டால் தையில் கல்யாணம்.

நாடு மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் விண்ணப்பப் பாரத்தைப் பூர்த்தி செய்து உறையில் போட்டு ஒட்டிவிட்டாள் பெண். பண்டார் ஹிலிர் தபாலாபீஸ் பக்கம்தானே வேலை, தபாலை நானே போடுகிறேன் என்று தம்பிராஜா கேட்டு வாங்கிக்கொண்டார். மகள் படிப்பில் அவருக்கு எதுவும் புரியாது. இந்த ஒன்றையாவது தன் கையால் செய்ய ஆசைப்பட்டார், பாவம். இன்றைக்கே போட்டுவிடுங்கள் அப்பா என்று சொல்லித்தான் அவளும் உறையைக் கொடுத்தாள்.

மனுஷன் போடவில்லை. ஆடி மாதத்தில் நல்ல காரியம் தொடங்குவார்களா? உறையைச் சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்து, தினமும் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். ஆவணி பிறந்த அன்று தலைக்குக் குளித்து, விபூதி பூசிக்கொண்டு போய்ப் போட்டார். அன்று மாலை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். கடைசித் தேதி ஏதும் உண்டா என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லையே.

மெர்டேக்கா முடிந்து, தெருவில் கட்டிய தோரணத்தைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. தம்பிராஜா சுருட்டு வாங்கிக்கொண்டிருந்தபோது பெண் ஒரு கடுதாசியோடு கடைக்கே வந்துவிட்டாள்.

"பதினஞ்சாம் தேதியோட முடிஞ்சிருச்சாம்பா. நம்மது அப்புறம்தான் போய்ச் சேர்ந்துச்சாம். நீங்க எப்பப் போட்டீங்க?"

அவர் சொன்னார். எனக்கு வந்ததே கோபம். ஆடிப் பட்டம் தேடி விதை என்று உங்கள் ஆட்கள்தானே சொல்கிறார்கள், விதைக்கு ஆகிற மாதம் பிள்ளைக்கு ஆகாதா என்று கத்தினேன். அவர் தலையைத் தூக்கவே இல்லை. பெண்ணாவது நாலு வார்த்தை கேட்டிருந்தால் அவருக்கு ஆறியிருக்கும். அவளும் கேட்கவில்லை.

தம்பிராஜாதான் முதலில், "பாய், இந்தக் கடுதாசி போட்டவங்களுக்கு ஒரு சூராட் எழுதிக் குடுங்க. தப்பு எம்மேலதான், புள்ள மேல இல்லன்னு" என்றார்.

கடிதத்தை நான் எழுதுவதா? எனக்குத் தெரிந்தது தமிழும், ஜாவி எழுத்தில் மலாயும். எங்கள் மூன்று பேரில் இங்கிலீஷ் தெரிந்தவள் அந்தப் பெண் ஒருத்திதான். தகப்பன் எழுதுவதுபோல் அவளே எழுதட்டும் என்று காகிதமும் பேனாவும் எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே நாலு வரி எழுதினாள். அப்புறம் பேனா ஓடவில்லை.

"ஆடி மாசம்னா அவங்களுக்கு என்னப்பா தெரியும்? என்னன்னு எழுதறது?"

தம்பிராஜா என்னைப் பார்த்தார். பிறகு அவரே சொன்னார்.

"அப்பன் படிக்காதவன்னு எழுதிடும்மா. அது அவங்களுக்குப் புரியும்."

அதுவரை கல்லாக நின்ற பெண் அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே அதையும் எழுதினாள். பேனா மையை அப்பாவின் பெருவிரலில் தடவி, காகிதத்தின் அடியில் வைத்து அழுத்தினாள்.

அந்தச் சூராட்டுக்குப் பதில் வரவில்லை. தையில் கல்யாணம் நடந்தது.